கேமராவுக்குத் தனி பிளக் எதற்கு? நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை



கடையிலும் கிடங்கிலும் கண்காணிப்புக் கேமரா வைப்பது இன்று நம்மில் பெரும்பாலோருக்குப் பழகிப்போன விஷயம். நகர்ப்புறங்களில் மக்கள் வந்துபோகும் கட்டடங்களில் கேமரா பொருத்துவது பற்றித் தமிழக அரசு 2012-ஆம் ஆண்டிலேயே விதிகளை வெளியிட்டது. அதன் பிறகு சிறு கடைக்காரர்கள்கூட இரண்டு கேமராவாவது மாட்டிவிட்டார்கள். வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், எத்தனை நாள் பதிவு நிற்கும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். அந்தக் கேமராவுக்கு மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. நானும் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என்னுடையது பருப்பு, பயறு மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னால் கிடங்கு. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி நெருக்கத்தில் இருப்பு எடுத்தபோது துவரம் பருப்பில் 4 மூட்டை குறைந்தது. கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். கடை முகப்பு தெரிகிறது, கல்லா தெரிகிறது. கிடங்குக் கேமராவின் கட்டம் மட்டும் சனிக்கிழமை மதியத்திலிருந்து ஒரே கறுப்பு. போய்ப் பார்த்தால், மூட்டை தைக்கும் மெஷினுக்கு இடம் வேண்டி யாரோ கேமரா அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறார்கள். திரும்பச் சொருக மறந்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த இரண்டு நாளும் கிடங்குச் சாவி, சுமை தூக்கும் தம்பி ஒருவனிடம் இருந்தது. அவனைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்டேன். "நான் எடுக்கல முதலாளி" என்றான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து வெளியூர் வியாபாரி ஒருவர் கணக்கு முடிக்க வந்தார். "பில்லுல 20 மூட்டை, இறக்கினது 24. உங்க ஆளுங்க எண்ணிக்கை தப்பி ஏத்திட்டாங்க அண்ணாச்சி" என்று சொல்லி, அந்த 4 மூட்டைக்கும் சேர்த்துப் பணம் வைத்தார். பணம் வந்துவிட்டது. அந்தத் தம்பி வரவில்லை.

கேமரா என்பது திருடனைப் பிடிக்க மட்டும் அல்ல, நிரபராதியைக் காப்பாற்றவும்தான் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "கேமராவுல கோளாறு இல்ல அண்ணாச்சி, அதுக்குச் சோறு போடுற இடத்துலதான் கோளாறு." அவர் செய்து கொடுத்த மாற்றத்தையும், அதன் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

கோளாறு எங்கே?

இன்று நாம் வாங்கும் ஐ.பி. கேமரா, அதாவது நெட்வொர்க் கேமராவுக்கு, இரண்டு இணைப்புகள் வேண்டும். படம் போவதற்கு ஒரு நெட்வொர்க் கேபிள். உயிர் வாழ மின்சாரம். மின்சாரம் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர் மூலம் தரப்படுகிறது. அடாப்டர் என்றால் கேமரா இருக்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் வேண்டும். கிடங்கின் உத்தரத்தில் பிளக் பாயிண்ட் ஏது? ஆகவே எங்கிருந்தோ ஒரு எக்ஸ்டென்ஷன் இழுக்கிறோம். அதில் ஒரு மின்விசிறி சேருகிறது, பிறகு கைப்பேசி சார்ஜர் சேருகிறது. கேமரா இருக்கும் இடம் ஒன்று. அதன் உயிர்நாடி யார் கைக்கும் எட்டும் இன்னொரு இடத்தில்.

எட்டுக் கேமரா என்றால் எட்டு அடாப்டர், எட்டு பிளக். எட்டில் ஒன்று எப்போது செத்தது என்று, தேவைப்படும் நாள் வரை நமக்குத் தெரியாது. மின்சாரம் போனால் யு.பி.எஸ். இருந்தும் பயன் இல்லை, யு.பி.எஸ். கல்லா மேசைக்கடியில் இருக்கிறது, அடாப்டர் கிடங்குச் சுவரில் இருக்கிறது.

இதற்குத் தீர்வுதான், படம் போகும் அதே நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து இதைப் பி.ஓ.இ. என்று கடைகளில் சொல்கிறார்கள். இந்த வசதி உள்ளேயே அமைந்த கேமராக்கள் இப்போது நிறைய வருகின்றன. ஆனால் நம்மிடம் இருப்பவை பல அப்படி அல்ல. நெட்வொர்க் கேபிள் சொருகும் வாய் ஒன்றும், அடாப்டர் ஊசி சொருகும் வட்டத் துளை ஒன்றும் மட்டுமே அவற்றில் இருக்கும். அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு சாதனத்தைக் கொண்டு அவற்றையும் இந்த முறைக்குள் கொண்டுவரலாம்.

இரண்டு முனையும் இரண்டு சாதனமும்

பெயர்க் குழப்பத்தால் தவறான பொருளை வாங்கி வருபவர்கள் பலர். ஆகவே இதை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

கேபிளின் கடை முனையில், மின்சாரத்தை ஏற்றிவிடும் சாதனம் இருக்கும். ஒன்றிரண்டு கேமராவுக்கு மட்டும் என்றால் இன்ஜெக்டர் என்ற சிறு பெட்டி போதும். நாலைந்துக்கு மேல் என்றால் பி.ஓ.இ. வசதியுள்ள நெட்வொர்க் சுவிட்ச் வாங்குவதே சிக்கனம். சில பதிவுப் பெட்டிகளில், அதாவது என்.வி.ஆர்.களில், பின்பக்கமே இந்த வசதியுள்ள வாய்கள் வருகின்றன.

கேபிளின் கேமரா முனையில், மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கும் சாதனம் இருக்கும். இதுதான் ஸ்ப்ளிட்டர். கைக்கு அடக்கமான சிறு பெட்டி. ஒரு பக்கம் நெட்வொர்க் கேபிள் உள்ளே போகும். மறுபக்கம் இரண்டு வால்கள் வெளியே வரும்: ஒன்று படத்துக்கான நெட்வொர்க் முனை, இன்னொன்று 12 வோல்ட் ஊசி முனை. இரண்டையும் கேமராவில் அதற்கதற்கான துளையில் சொருகினால் வேலை முடிந்தது. கேமராவைப் பொறுத்தவரை, பக்கத்திலேயே ஓர் அடாப்டர் இருப்பது போலத்தான்.

ஏற்றுவது இன்ஜெக்டர், இறக்குவது ஸ்ப்ளிட்டர். லாரி ஆபீசில் ஏற்றுகூலி, இறக்குகூலி என்று பிரித்துச் சொல்வது போல நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

48 வோல்ட் எதற்கு?

கேமராவுக்கு வேண்டியது 12 வோல்ட். ஆனால் முறையான பி.ஓ.இ. சாதனம் கேபிளில் ஏற்றுவது ஏறக்குறைய 48 வோல்ட். "12-ஐயே நேராக அனுப்பிவிட்டால் என்ன, எதற்கு ஏற்றி இறக்க வேண்டும்?" என்று நானும் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெரிகிறது.

சுங்கச்சாவடியில் வண்டிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிறார்கள். அதே சரக்கை நாலு சின்ன வண்டியில் அனுப்பினால் நாலு சுங்கம். ஒரே பெரிய வண்டியில் அனுப்பினால் ஒரு சுங்கம். கேபிளும் அப்படித்தான் சுங்கம் வாங்குகிறது. அது ஆம்பியரைப் பார்த்து வாங்குகிறது. வோல்டேஜைக் கூட்டினால் அதே வாட்டுக்கு ஆம்பியர் குறையும். வழியில் இழப்பும் குறையும்.

நல்ல செம்பு கேட் 5இ கேபிளில் ஓர் இழைக்கு 100 மீட்டருக்குச் சுமார் 8.4 ஓம் தடை உண்டு. மின்சாரம் போக இரண்டு இழை, திரும்பி வர இரண்டு இழை என்று ஜோடியாகப் போட்டால், போக 4.2, வர 4.2, ஆக மொத்தம் 8.4 ஓம். இரவில் 6 வாட் இழுக்கும் ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அனுப்பினால் அரை ஆம்பியர் ஓட வேண்டும். அப்போது வழியில் தொலையும் வோல்டேஜ்:

20 மீட்டரில் சுமார் 0.8 வோல்ட், கேமராவுக்குச் சேர்வது 11.2.
50 மீட்டரில் சுமார் 2.1 வோல்ட், சேர்வது 9.9.
100 மீட்டரில் சுமார் 4.2 வோல்ட், சேர்வது 7.8.

நடைமுறையில் இதைவிட மோசமாகவே இருக்கும். வோல்டேஜ் குறையக் குறைய, கேமரா அதே 6 வாட்டுக்காகக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். இழுக்க இழுக்க இழப்பு இன்னும் கூடும். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் இரவு விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் அணைந்து அணைந்து எழுவதற்குப் பல கடைகளில் இதுவே காரணம். நமக்குக் கேமரா அவசியமாக வேண்டிய நேரம் இரவு. அது கைவிடுவதும் அதே இரவில்.

இனி 48 வோல்ட் கணக்கு. ஸ்ப்ளிட்டரில் ஆகும் சேதாரத்தையும் சேர்த்து 7 வாட் என்று வைத்துக்கொண்டாலும் ஓடுவது 0.15 ஆம்பியர்தான். 100 மீட்டரில் தொலைவது ஏறக்குறைய ஒன்றேகால் வோல்ட். மீதி 46-க்கு மேல் கேமரா வாசலுக்கு வந்து சேருகிறது. ஸ்ப்ளிட்டர் அதைச் சீரான 12 வோல்ட்டாக்கிக் கொடுக்கிறது. 10 மீட்டரானாலும் 100 மீட்டரானாலும் கேமராவுக்கு அதே 12.

தரம் அறிந்து வாங்குக

இந்த முறைக்கு ஐ.இ.இ.இ. என்னும் உலகப் பொறியாளர் அமைப்பு தரம் வகுத்திருக்கிறது. முதல் தரம் 2003-இல் வந்தது. பெட்டியின் மேல் 802.3 என்ற எண்ணையும், அதையடுத்து ஏ, எஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் பாருங்கள். இதில் ஏற்றும் முனையில் 15.4 வாட் வரை. வழி இழப்பு போக இறக்கும் முனையில் 12.95 வாட் உறுதி. 2009-இல் ஏ, டி என்ற எழுத்துகளோடு அடுத்த தரம் வந்தது. ஏற்றும் முனையில் 30 வாட், இறக்கும் முனையில் 25.5 வாட். 2018-இல் பி, டி எழுத்துகளோடு இன்னும் பெரிய தரம் வந்தது. சாதாரணக் கடைக் கேமராவுக்கு அது தேவைப்படாது.

தரமுள்ள சாதனத்தின் பெரிய நன்மை, அது கேட்டுவிட்டுத்தான் கொடுக்கும் என்பது. கேபிளைச் சொருகியதும் 48 வோல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாது. முதலில் 10 வோல்ட்டுக்கு உட்பட்ட சிறு மின்சாரத்தை அனுப்பி, எதிர்முனையில் 25 கிலோ ஓம் அளவுள்ள அடையாளத் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் முழு மின்சாரத்தைத் திறக்கும். அந்த அடையாளம் ஸ்ப்ளிட்டருக்குள் இருக்கிறது. தவறிப்போய் அந்த வாயில் கணினியையோ பில் போடும் பிரிண்டரையோ சொருகினால், அடையாளம் இல்லாததால் மின்சாரம் போகாது, சாதனம் பிழைக்கும்.

சந்தையில் பாசிவ் என்ற பெயரில் மலிவான வகை ஒன்றும் கிடைக்கிறது. இது எதையும் கேட்பதில்லை. அடாப்டரில் வருவதை அப்படியே கேபிளில் தள்ளிவிடும். 12 வோல்ட் அடாப்டரோடு விற்கும் ஜோடி வால் கேபிள் இந்த வகைதான். இருபது மீட்டருக்கு உட்பட்ட சிறு கடையில் ஒரே ஒரு கேமராவுக்கு இது போதும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கு இதற்கே முழுவதும் பொருந்தும், தூரம் கூடினால் கைவிடும். 24 அல்லது 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர்களும் உண்டு. அவற்றைத் தெரியாமல் 12 வோல்ட் கேமராவுக்கு நேராகக் கொடுத்தால் கேமரா புகைந்துவிடும். தரமுள்ளதையும் பாசிவ் வகையையும் ஒரே கேபிளில் கலக்கவே கூடாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேமராவின் அடிப்புறமும் பழைய அடாப்டரின் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிறகு கீழ்க்கண்டவற்றைச் சரிபாருங்கள்.

1. வோல்டேஜ்: ஸ்ப்ளிட்டர்கள் 5 வோல்ட், 12 வோல்ட் என வெவ்வேறாக வருகின்றன. 5 வோல்ட் கேமராவுக்கு 12 கொடுத்தால் கேமரா போச்சு. சில ஸ்ப்ளிட்டர்களில் வோல்டேஜ் மாற்றும் சிறு குமிழ் இருக்கும்; மாட்டுவதற்கு முன் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

2. ஆம்பியர்: 12 வோல்ட், 1 ஆம்பியர் வரை என்றால் ஏ.எஃப். தரம் போதும். 2 ஆம்பியர் கேட்கும் சுழல் கேமரா என்றால் இரு முனையிலும் ஏ.டி. தரம் வேண்டும். ஒரு முனை மட்டும் பெரிதாக இருந்து பயன் இல்லை.

3. ஊசி முனை: பெரும்பாலான கேமராக்களில் 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 2.1 உள்விட்டம் கொண்ட ஊசிதான். சிலவற்றில் 2.5 இருக்கும், தளர்வாகவோ இறுக்கமாகவோ தோன்றினால் மாற்றிக் கேளுங்கள். நடுவில் நேர், வெளியே எதிர் என்பதே வழக்கம். சீட்டில் வட்டமும் புள்ளியுமாக வரைந்திருக்கும் குறியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. சுவிட்சின் மொத்த வாட்: எட்டு வாய் இருக்கிறது என்பதற்காக எட்டுக்கும் 15 வாட் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மொத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வரம்பு 60 வாட், கேமரா ஒன்றுக்கு இரவில் ஸ்ப்ளிட்டரோடு சேர்த்து 8 வாட் என்றால், எட்டுக்கு 64 ஆகிறது, தாங்காது. பகல் கணக்கைப் போடாதீர்கள். இரவுக் கணக்கைப் போடுங்கள்.

5. நேர் மின்சாரமா என்பது: ஸ்ப்ளிட்டர் கொடுப்பது நேர் மின்சாரம். 24 வோல்ட் மாறு மின்சாரம் மட்டுமே கேட்கும் பழைய குவிமாடக் கேமராக்களுக்கு இது உதவாது. பழைய கோஆக்சியல் கேபிள் கேமராக்களுக்கும், அதாவது டி.வி.ஆரில் ஓடுபவற்றுக்கும், இந்த முறை பொருந்தாது.

கேபிள் விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்

படம் மட்டும் போகும் கேபிளில் தப்பிக்கும் மலிவுச் சரக்கு, மின்சாரம் போகும்போது தப்பிக்காது. செம்புப் பூச்சு மட்டும் பூசிய அலுமினிய இழைக் கேபிள்கள் சந்தையில் ஏராளம். அவற்றின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். முனைகளில் விரைவில் தளர்ந்தும் விடுகின்றன. சந்தேகம் வந்தால் ஓர் இழையின் வெட்டிய முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது முழுச் செம்பு அல்ல. நாம் பருப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குகிறோமா?

அடுத்து, எட்டு இழைகளையும் முனையில் அடிக்கச் சொல்லுங்கள். சாதாரண வேகத்தில் படம் போக ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி ஆகிய நாலு இழையே போதும் என்பதால், அவசர வேலைக்காரர்கள் நீலத்தையும் பழுப்பையும் வெட்டிவிடுகிறார்கள். பல சாதனங்கள் மின்சாரத்தை அனுப்புவதே அந்த நீல, பழுப்பு ஜோடிகளில்தான். "படம் வருகிறது, கரண்ட் வரவில்லை" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஒரே ஓட்டமாக 100 மீட்டர் என்பதே நெட்வொர்க் கேபிளின் எல்லை. அதற்கு மேல் போனால் மின்சாரம் சேர்ந்தாலும் படம் சேராது. இடையில் ஒரு சுவிட்ச் அல்லது நீட்டிப்புச் சாதனம் வேண்டும்.

மாட்டும் முறை

முதலில் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்து ஒரு சிறு கேபிளில் இணைத்துப் பாருங்கள். படம் வந்தால் கேமராவின் கண்ணைக் கையால் மூடி, இரவு விளக்குகள் எரிய விட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். அதில் தேறிய பிறகே ஏணியில் ஏறுங்கள். மேலே ஏறிய பின் கோளாறு தேடுவது இரட்டை வேலை.

ஸ்ப்ளிட்டர் வீட்டுக்குள் வைக்கும் பொருள், மழை தாங்காது. வெளிச்சுவர்க் கேமரா என்றால் ஸ்ப்ளிட்டரைச் சுவரின் உட்புறம் வைத்து அதன் வால்களை மட்டும் வெளியே விடுங்கள், அல்லது நீர் புகாத பெட்டிக்குள் அடக்குங்கள். கேபிள் பெட்டிக்குள் அடிப்புறமாக நுழைய வேண்டும்; நுழையும் முன் சற்றுத் தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போது வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். 230 வோல்ட் மின் கம்பி போகும் அதே குழாயில் இந்தக் கேபிளை நுழைக்க வேண்டாம்.

கடை ஒரு கட்டடம், கிடங்கு தெரு தாண்டி இன்னொரு கட்டடம் என்றால், இடையே செம்புக் கேபிளைத் திறந்தவெளியில் இழுப்பது இடி மின்னலை வீட்டுக்குள் அழைப்பது போல. அந்த இடைவெளிக்கு மட்டும் ஒளியிழைக் கேபிள் போட்டு, கிடங்கில் தனியாக ஒரு சிறு பி.ஓ.இ. சுவிட்ச் வைப்பதே பாதுகாப்பு. அந்தச் சுவிட்சைப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள்.

இத்தனைக்கும் பயன்: ஒரே இடத்தில் காவல்

எல்லாக் கேமராவின் மின்சாரமும் இப்போது ஒரே சுவிட்சிலிருந்து போகிறது. அந்தச் சுவிட்சை, பதிவுப் பெட்டியை, இன்டர்நெட் பெட்டியை ஒரே யு.பி.எஸ்.ஸில் சேர்த்துவிடலாம். நாலு கேமராவுக்கு 28 வாட், மற்ற இரண்டுக்கும் சேர்த்து 32 வாட் என்றால் மொத்தம் 60 வாட். கணினிக்கு வைக்கும் சிறு யு.பி.எஸ்.ஸில் உள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி முக்கால் மணி நேரம் அளவுக்குத் தாங்கலாம். கடை இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர் மணி பேட்டரி இருந்து, அதன் கொள்ளளவில் பாதியைப் பயன்படுத்தினாலே ஓர் இரவு முழுவதும் ஓடும். முன்பு மின்சாரம் போன நேரத்தில் குருடாகிக் கிடந்த கேமராக்கள் இப்போது விழித்திருக்கின்றன.

உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகள்

இந்தக் கேபிளைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?
தரமுள்ள சாதனம் அனுப்புவது 57 வோல்ட்டுக்கு மிகாத நேர் மின்சாரம். எதிர்முனையில் சாதனம் இல்லாவிட்டால் அதுவும் வராது. சாதாரணமாக ஆபத்து இல்லை. சுவிட்சுக்கு வரும் 230 வோல்ட் பக்கத்தை மட்டும் எலக்ட்ரீஷியனே தொடட்டும்.

கேபிள் வாய் இல்லாத வைஃபை கேமராவுக்கு?
ஸ்ப்ளிட்டரின் மின்சார வாலை மட்டும் பயன்படுத்தலாம். 5 வோல்ட் யு.எஸ்.பி. முனையோடு வரும் ஸ்ப்ளிட்டர்கள் கிடைக்கின்றன. படம் வைஃபையில் போகும், மின்சாரம் கேபிளில் வரும். கேபிள் வாயும் இருந்தால் படத்தையும் கேபிளிலேயே விடுவது நல்லது.

பதிவுப் பெட்டியின் பின்பக்க வாயில் சொருகினேன். கேமராவில் விளக்கு எரிகிறது, படம் வரவில்லையே?
மின்சாரம் சரி. அந்த வாய்கள் பெட்டிக்குள் தனி நெட்வொர்க்காக இயங்குவதுண்டு. வேறு நிறுவனக் கேமராவாக இருந்தால் அதன் ஐ.பி. முகவரியை அந்த நெட்வொர்க்குக்கு ஏற்ப மாற்றி, ஆன்விஃப் என்னும் பொது முறையில் கையால் சேர்க்க வேண்டும். மின்சாரக் கோளாறு என்று எண்ணி ஸ்ப்ளிட்டரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

புதிதாக வாங்குபவரும் ஸ்ப்ளிட்டர் வாங்க வேண்டுமா?
வேண்டாம். புதிதாக வாங்கினால் பி.ஓ.இ. உள்ளேயே அமைந்த கேமராவாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்ப்ளிட்டர் இருக்கும் கேமராவைக் காப்பாற்ற. பழையது மங்கலாகிப் போயிருந்தால் அதற்குச் செலவழிப்பதும் வீண்.

நிறைவாக ஒன்று

சாதனம் எதுவானாலும் பார்வையிடும் வேலை நம்முடையது. வாரம் ஒரு நாள், கடை திறந்து விளக்கேற்றிய கையோடு, எல்லாக் கட்டங்களும் தெரிகின்றனவா, முந்தைய இரவின் பதிவு இருக்கிறதா, பெட்டியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிடுங்கள். பிறகு யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கி, கேமராக்கள் அணையாமல் நிற்கின்றனவா என்று மாதம் ஒரு முறை சோதியுங்கள்.

என் கிடங்கில் இப்போது அந்த உத்தரத்துக்கு ஒரே ஒரு கேபிள்தான் போகிறது. மூட்டை தைக்கும் மெஷினுக்கும் கேமராவுக்கும் இனி எந்தத் தகராறும் இல்லை. அந்தத் தம்பி இப்போது வேறொரு மண்டியில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, நானே போய்ப் பார்த்து, நாலு பேர் முன்னால் கேட்டதற்கு நாலு பேர் முன்னால் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தேன். அவன் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தான்; திரும்பி வர மட்டும் சம்மதிக்கவில்லை. ஒரு ஸ்ப்ளிட்டரின் விலையைவிட ஒரு நல்ல ஆளின் விலை பெரிது. நம் உறுப்பினர்களில் யாருக்கும் அந்தச் சங்கடம் நேர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.